மொழி முன்னொட்டை நீக்கிய பிறகும் பழைய இணைப்புகள் திறக்க வேண்டும்: ஒரு முழுமையான வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய பதிப்பாளரின் இணையதளத்தைச் சீரமைத்துக் கொடுத்தேன். தமிழ், ஆங்கிலம் என்று இரண்டு மொழிகளில் தொடங்கிய தளம் அது. ஆங்கிலப் பக்கங்கள் வளரவே இல்லை. கடைசியில் தமிழ் மட்டும் போதும் என்று முடிவெடுத்தார்கள். அதன்பின் ஒவ்வொரு முகவரியிலும் தளப் பெயருக்கு அடுத்து நின்ற 'டிஏ' என்ற இரண்டெழுத்துக் குறிக்கு வேலை இல்லாமல் போனது. அமைப்புகள் பக்கத்தில் ஒரே ஒரு பெட்டியைத் தட்டினேன். முன்னொட்டு மறைந்தது, முகவரிகள் சுருங்கின, பார்க்க அழகாக இருந்தது.

மறுநாள் பதிப்பாளர் தொலைபேசியில் அழைத்தார். அவர்கள் வெளியிட்ட புத்தகங்களின் பின்னட்டையில் அச்சிட்டிருந்த க்யூஆர் குறியீடுகளில் ஒன்றுகூட வேலை செய்யவில்லை. இணையப் பக்கத்தைத் திருத்தலாம், விற்றுப்போன புத்தகத்தின் அட்டையைத் திருத்த முடியுமா? அன்று கற்றுக்கொண்டதையும், அதற்குப் பிறகு வேறு தளங்களில் செய்து பார்த்ததையும் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு குறிப்பு. நான் 'டிஏ' என்று எழுதும் இடங்களில் எல்லாம், உங்கள் தளத்தில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் இருக்கும் தமிழுக்கான மொழிக்குறியை வைத்துக்கொள்ளுங்கள். ஐஎஸ்ஓ 639-1 தரநிலை தமிழுக்குக் கொடுத்திருக்கும் குறி அதுதான். சர்வர் கட்டளைகளையும் அப்படியே ஆங்கில எழுத்துகளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும்.

## தொடங்கும் முன்: எந்த நிலையில் இருக்கிறீர்கள்?

முன்னொட்டை நீக்குவது என்றால் எல்லாத் தளங்களுக்கும் ஒரே வேலை அல்ல.

ஒரே மொழிதான் மிஞ்சியிருக்கிறது என்றால் வேலை எளிது. பழைய முகவரிகள் அனைத்தையும் முன்னொட்டு இல்லாத வடிவத்துக்கு அனுப்பினால் போதும்.

பல மொழிகள் தொடர்கின்றன, முதன்மை மொழியின் முன்னொட்டை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால் கவனம் கூடுதலாக வேண்டும். இலங்கையின் பல தளங்கள் தமிழ், சிங்களம், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் இயங்குகின்றன. அங்கே தமிழின் முன்னொட்டை நீக்கும் விதி சிங்களப் பக்கங்களைத் தொடவே கூடாது. 'இரண்டெழுத்து எதுவானாலும் நீக்கு' என்று பொதுவாக எழுதிய விதிகளைப் பார்த்திருக்கிறேன். அவை மற்ற இரண்டு மொழிகளையும் சேர்த்து விழுங்கிவிடும்.

இரண்டு ஆண்டுகளில் இன்னொரு மொழியைச் சேர்க்கும் எண்ணம் இருந்தால், என் ஆலோசனை: முன்னொட்டை விட்டுவிடுங்கள். முகவரி அழகாக இருக்க வேண்டும் என்பதற்காக வாசகர்களை இரண்டு முறை இடம்பெயர வைக்கக் கூடாது.

## படி 1: பழைய முகவரிகள் எல்லாவற்றையும் திரட்டுங்கள்

பெரும்பாலோர் தாண்டிச் செல்லும் படி இது. விதி ஒரு வரிதான், அதை எழுத ஐந்து நிமிடம் ஆகும். அந்த ஒரு வரி எந்தெந்த முகவரிகளைச் சந்திக்கப் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் நேரம் வேண்டும். முன்னொட்டை நீக்குவதற்கு முன்பே இந்தப் பட்டியல் தயாராக வேண்டும். நீக்கிய பிறகு பாதி முகவரிகளைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு.

தளவரைபடக் கோப்பை (தளத்தின் பக்கங்களைத் தேடுபொறிகளுக்குப் பட்டியலிடும் கோப்பு) முதலில் தரவிறக்கி ஓரிடத்தில் பத்திரப்படுத்துங்கள். அமைப்பை மாற்றிய அடுத்த நொடியே புதிய முகவரிகளுடன் அது தானாகப் புதுப்பிக்கப்பட்டுவிடும். பிறகு பழைய பட்டியல் கிடைக்காது.

ஆனால் தளவரைபடத்தில் இருப்பவை இன்று நீங்கள் காட்ட விரும்பும் பக்கங்கள் மட்டுமே. மக்கள் உண்மையில் எங்கே வருகிறார்கள் என்பதைச் சர்வரின் அணுக்கப் பதிவேடு சொல்லும்; யார் எந்த முகவரியைக் கேட்டார்கள் என்று சர்வர் எழுதிவைக்கும் கோப்பு அது. குறைந்தது மூன்று மாதப் பதிவேட்டை எடுத்து, முன்னொட்டுடன் தொடங்கும் வரிகளை மட்டும் பிரித்து, திரும்பத் திரும்ப வருபவற்றை ஒன்றாக்குங்கள். நீங்கள் மறந்தே போன பக்கங்கள் அதில் தலைகாட்டும்.

தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று உரிமையாளருக்குக் காட்டும் கூகுள் சர்ச் கன்சோலில், எந்தப் பக்கங்களுக்குச் சொடுக்குகள் வருகின்றன என்ற பட்டியலையும், வெளித்தளங்கள் எந்தப் பக்கங்களுக்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன என்ற பட்டியலையும் தரவிறக்குங்கள். செயல்திறன் அறிக்கையிலிருந்து ஒரு முறைக்கு 1000 வரிகள்தான் தரவிறங்கும். பெரிய தளம் என்றால் பிரிவு பிரிவாக வடிகட்டி எடுக்க வேண்டியிருக்கும். இணைப்புகளைப் பின்தொடர்ந்து பக்கம் பக்கமாகச் செல்லும் ஒரு ஊர்தி (கிராலர்) மென்பொருளால் தளம் முழுவதையும் துழாவிப் பார்ப்பதும் நல்லது. ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருளின் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை துழாவும்.

எல்லாவற்றையும் ஒரே விரிதாளில் கொட்டுங்கள். முதல் நிரலில் பழைய முகவரி, இரண்டாவதில் புதிய முகவரி, மூன்றாவதில் குறிப்பு. இப்போது கட்டுரைப் பக்கங்களைத் தாண்டி என்னவெல்லாம் வந்திருக்கிறது என்று பாருங்கள்: பகுப்புப் பக்கங்கள், குறிச்சொல் பக்கங்கள், ஆசிரியர் பக்கங்கள், 'பக்கம் 2', 'பக்கம் 3' என்று நீளும் பட்டியல்கள், ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய கட்டுரைகளைச் சந்தாதாரர்களின் படிப்பிச் செயலிக்கு அனுப்பும் கோப்பு), பிடிஎஃப் கோப்புகள், தேடல் முடிவுகள், கேள்விக்குறிக்குப் பின் வால் நீண்ட முகவரிகள். ஆர்எஸ்எஸ் ஓடையை மறந்துவிடாதீர்கள். அதில் சேர்ந்திருப்பவர்கள்தான் உங்களை விடாமல் படிப்பவர்கள்.

## படி 2: மோதல்களைக் கண்டுபிடியுங்கள்

முன்னொட்டுக்கு ஒரு பயன் இருந்தது. ஒரே பெயருள்ள இரண்டு பக்கங்களை அது பிரித்து வைத்திருந்தது. ஆங்கிலத்துக்கு முன்னொட்டு இல்லாமல் 'அபவுட்' என்று ஒரு பக்கம், தமிழுக்கு 'டிஏ' போட்டு அதே 'அபவுட்' என்று இன்னொரு பக்கம் இருந்திருக்கலாம். முன்னொட்டை எடுத்ததும் இரண்டும் ஒரே இடத்துக்குப் போட்டியிடும். வேர்ட்பிரஸ் போன்ற அமைப்புகளில் ஒன்றின் பெயருக்குப் பின்னால் '-2' என்று வால் முளைத்திருப்பதையும் பார்க்கலாம்.

விரிதாளின் இரண்டாம் நிரலில் ஒரே முகவரி இரண்டு முறை வருகிறதா என்று எண்ணிப் பாருங்கள். மோதுபவை எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும், ஆனால் அவைதான் முக்கியமான பக்கங்களாக இருக்கும்: அறிமுகம், தொடர்பு, தனியுரிமைக் கொள்கை.

மூடப்பட்ட ஆங்கிலப் பக்கங்களை என்ன செய்வது? இது பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. அவற்றை முகப்புப் பக்கத்துக்குத் திருப்பிவிடாதீர்கள். ஆங்கிலக் கட்டுரையைத் தேடி வந்தவரைத் தமிழ் முகப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் அவருக்கு ஒன்றும் விளங்காது. கூகுளும் அப்படிப்பட்ட வழிமாற்றைப் 'பக்கம் இல்லை' என்பதற்குச் சமமாகவே எடுத்துக்கொள்ளும். உள்ளடக்கத்தை உண்மையிலேயே நீக்கிவிட்டீர்கள் என்றால் 410 என்ற நிலைக்குறியைக் கொடுங்கள் (ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் சர்வர் பதிலாகத் தரும் மூன்றிலக்க எண்தான் நிலைக்குறி). 'இருந்தது, இப்போது நீக்கப்பட்டுவிட்டது' என்பதே அதன் பொருள். பழைய ஆங்கிலப் பக்கங்களைச் சர்வரில் அப்படியே ஒரு காப்பகமாக விட்டுவைக்க முடிந்தால் இன்னும் நல்லது.

## படி 3: சரியான நிலைக்குறியைத் தேர்ந்தெடுங்கள்

நிரந்தர மாற்றத்துக்கு 301. தற்காலிக மாற்றத்துக்கு 302. இந்த இரண்டுக்கும் 308, 307 என்று கண்டிப்பான இணைகள் உண்டு. படிவம் ஒன்றை நிரப்பி அனுப்பும்போது 301 வந்தால், உலாவி அந்தத் தரவைக் கைவிட்டு வெறும் பக்கத்தை மட்டும் கேட்கக்கூடும். 308 வந்தால் தரவோடு அப்படியே புதிய முகவரிக்கு அனுப்பும். 308 தரநிலையானது 2015இல். வாசிக்கும் பக்கங்கள் மட்டுமே உள்ள தளத்துக்கு 301 போதும். முன்னொட்டுள்ள முகவரிக்குப் படிவங்களோ செயலிகளோ தரவு அனுப்பினால், அந்த முகவரிகளுக்கு மட்டும் 308 வையுங்கள்.

301ஐ உலாவிகள் நீண்ட காலம் நினைவில் வைத்துக்கொள்ளும். தவறான 301ஐ ஒரு மணி நேரம் வெளியிட்டுவிட்டு நீங்கள் திருத்திவிடலாம். அந்த ஒரு மணி நேரத்தில் வந்துபோன வாசகரின் உலாவி மட்டும் உங்கள் சர்வரைக் கேட்காமலே பழைய தவறான இடத்துக்குப் போய்க்கொண்டிருக்கும். அதனால் நான் எப்போதும் முதல் நாள் 302 வைத்துச் சோதித்து, எல்லாம் சரி என்று தெரிந்த பிறகே 301 ஆக்குகிறேன். ஒரு நாள் தாமதத்தால் தேடுபொறியில் எதுவும் கெட்டுவிடாது.

## படி 4: விதியை எழுதுங்கள்

அப்பாச்சி சர்வரில், தளத்தின் கோப்புறையில் இருக்கும் எச்டிஅக்சஸ் என்ற அமைப்புக் கோப்பில் எழுத வேண்டிய விதி இப்படி அமையும்:

ரீரைட்ரூல் ^டிஏ(?:/+(.*))?$ எச்டிடிபிஎஸ்://உங்கள்தளம்.காம்/$1 [ஆர்=301,எல்]

பார்க்கப் பயமாக இருந்தாலும் ஒவ்வொரு குறிக்கும் ஒரு காரணம் உண்டு.

தொடக்கத்தில் சாய்கோடு இல்லை. எச்டிஅக்சஸ் கோப்பில் முகவரியின் முதல் சாய்கோட்டை அப்பாச்சி நீக்கிவிட்டுத்தான் விதியோடு ஒப்பிடும். முதன்மை அமைப்புக் கோப்பில் இதே விதியை எழுதினால் சாய்கோடு வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டில் ஒரு மாலை முழுவதும் தொலைத்தவர்கள் பலர்.

முன்னொட்டுக்குப் பிறகு ஒன்றுமே இல்லாமல் முடிய வேண்டும், அல்லது சாய்கோடு வர வேண்டும். இந்த நிபந்தனையை விட்டுவிட்டால் விபரீதம். 'டிஏ' என்ற அதே இரண்டு ஆங்கில எழுத்துகளில்தான் 'டேக்' என்ற குறிச்சொல் முகவரியும் 'தமிழ்' என்ற சொல்லின் ஆங்கில எழுத்து வடிவமும் தொடங்குகின்றன. நிபந்தனை இல்லாத விதி அவற்றின் தலையையும் கொய்துவிடும். தமிழ்த் தளங்களை இந்தத் தவறு மற்றவர்களைவிட அதிகமாகக் கடிக்கும்.

இலக்கில் தளத்தின் முழு முகவரியும் எழுதப்பட்டிருக்கிறது. இது பாதுகாப்புக்காக. வெறும் சாய்கோட்டோடு மீதியை ஒட்டும் விதியை எழுதினால், யாராவது முன்னொட்டுக்குப் பின் இரண்டு சாய்கோடு போட்டு வேறொரு தளத்தின் பெயரை எழுதிப் பகிரலாம். சில அமைப்புகளில் முன்னொட்டு கழன்றதும், இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கும் அந்த மீதியை உலாவி வேறொரு தளமாகவே படித்து அங்கே போய்விடும். உங்கள் பெயரை நம்பிச் சொடுக்கியவர் மோசடித் தளத்தில் நிற்பார். முழு முகவரி எழுதினால் அந்தக் கதவு மூடிவிடும். இன்னொரு பலனும் உண்டு. பாதுகாப்பில்லாத இணைப்பில், மூன்று டபிள்யூ போட்ட பழைய முகவரியில் வருபவரும் ஒரே தாவலில் சரியான இடத்துக்கு வந்து சேர்வார்.

கேள்விக்குறிக்குப் பின்னால் வரும் வாலை அப்பாச்சி தானாகவே புதிய முகவரியில் சேர்த்துவிடும். அதற்கெனத் தனியாக எதுவும் எழுத வேண்டியதில்லை.

வேர்ட்பிரஸ் தளம் என்றால், வேர்ட்பிரஸ் தானே எழுதிவைக்கும் பகுதிக்கு மேலே இந்த விதியை வையுங்கள். அந்தப் பகுதிக்குள் வைத்தால் அடுத்த முறை அமைப்புகளைச் சேமிக்கும்போது வேர்ட்பிரஸ் அதை அழித்து எழுதிவிடும். மோதல் பட்டியலில் இருந்த தனிப் பக்கங்களுக்கான விதிகள் இதற்கும் மேலே வர வேண்டும், ஏனென்றால் முதலில் பொருந்தும் விதியே வெல்லும்.

அப்பாச்சியில் இதைவிட எளிய 'ரீடைரக்ட்' கட்டளையும் உண்டு. அது முழுச் சொல்லாகத்தான் பொருத்தும், ஆகவே குறிச்சொல் சிக்கல் அதில் வராது. ஆனால் முன்னொட்டின் இறுதியில் சாய்கோடு போடாமல், இலக்கின் இறுதியில் மட்டும் போட்டால் புதிய முகவரியில் இரண்டு சாய்கோடுகள் விழும். இரண்டு பக்கமும் போடுங்கள், அல்லது இரண்டு பக்கமும் விடுங்கள்.

என்ஜின்எக்ஸ் சர்வரில் தளத்துக்கான சர்வர் பகுதிக்குள் இப்படி:

ரீரைட் ^/டிஏ(?:/+(.*))?$ எச்டிடிபிஎஸ்://உங்கள்தளம்.காம்/$1 பெர்மனன்ட்;

பல வழிகாட்டிகள் 'ரிட்டர்ன்' கட்டளையைப் பரிந்துரைக்கும், வேகமானது என்று. பொதுவாக நானும் அதைத்தான் விரும்புவேன். ஆனால் தமிழ் எழுத்துகள் உள்ள முகவரிகளுக்கு இந்த இடத்தில் 'ரீரைட்' நல்லது. முகவரியில் தமிழ் எழுத்துகள் சதவீதக் குறிகளாகக் குறியேற்றப்பட்டே வரும் (படி 5இல் விளக்குகிறேன்). என்ஜின்எக்ஸ் அவற்றைக் குறிநீக்கி எழுத்துகளாக்கிய பிறகுதான் விதியிலுள்ள ரெஜெக்ஸோடு (பொருத்தும் வடிவத்தோடு) ஒப்பிடும். பிடித்த பகுதியை 'ரிட்டர்ன்' மறுபடி குறியேற்றாமல் பச்சையான பைட்டுகளாக அனுப்பிவிடும். 'ரீரைட்' அதை மீண்டும் முறையாகக் குறியேற்றி அனுப்பும், கேள்விக்குறி வாலையும் தானே சேர்க்கும். கோப்பைச் சேமித்ததும் என்ஜின்எக்ஸின் சோதனைக் கட்டளையை இயக்கிப் பிழை இல்லை என்று உறுதிசெய்த பிறகே மறுஏற்றம் செய்யுங்கள்.

தளங்களை இயக்கித் தரும் மற்ற சேவைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நெட்லிஃபையில் வழிமாற்றுக் கோப்பில் நட்சத்திரக் குறி போட்டு ஒரு வரி எழுதினால் போதும். பழைய முகவரியில் இன்னும் ஒரு கோப்பு இருந்தால் அந்தக் கோப்பே வெல்லும், எனவே எண்ணுக்குப் பின் ஆச்சரியக்குறி சேர்த்துக் கட்டாயமாக்க வேண்டும். வெர்செல், நெக்ஸ்ட்.ஜேஎஸ் இரண்டிலும் 'நிரந்தரம்' என்று குறித்தால் 301க்குப் பதில் 308 வரும். அதில் தவறில்லை. கிளவுட்ஃப்ளேரில் வழிமாற்று விதிகளாக எழுதலாம். கிட்ஹப் பேஜஸில் சர்வர் விதி எழுதவே வழியில்லை. ஒவ்வொரு பழைய முகவரியிலும் உடனடியாகப் புதிய பக்கத்துக்குத் தாவும் ஒரு சிறிய எச்டிஎம்எல் கோப்பை வைக்க வேண்டும். சுழிய நொடியில் தாவும் அத்தகைய பக்கத்தை கூகுள் நிரந்தர வழிமாற்றாகவே ஏற்கிறது.

பன்மொழிச் செருகுநிரல்களும் ஜாங்கோ, துருபல் போன்ற அமைப்புகளும் முதன்மை மொழியின் முன்னொட்டை மறைக்கும் வசதி தருகின்றன. மறைப்பது வேறு, பழையதைத் திருப்பிவிடுவது வேறு. இரண்டாவது தானாக நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சோதித்துப் பாருங்கள்.

## படி 5: தமிழ் எழுத்துகள் உள்ள முகவரிகள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டுகிறேன். ஆங்கில வழிகாட்டிகளில் இது இருக்காது. நமக்குத்தான் இது தேவை.

எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் (யூனிகோடு தனி எண் கொடுத்திருக்கும் எழுத்துக்கோ குறிக்கோ) 3 பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறும். அதாவது ஒரு புள்ளிக்கு 9 இடங்கள். 'அம்மா' என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்றெழுத்து. கணினிக்கு அது அ, ம, புள்ளி, ம, கால் என்று 5 குறியீட்டுப் புள்ளிகள், முகவரியில் 45 இடங்கள்.

வேர்ட்பிரஸ் இந்தக் குறியேற்றிய வடிவத்தைத்தான் தரவுத்தளத்தில் சேமிக்கிறது, அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடங்கள். கணக்குப் போட்டால் 22 குறியீட்டுப் புள்ளிகளுக்கு மேல் கொள்ளாது. நீண்ட தமிழ்த் தலைப்புகளின் முகவரி பாதியில் அறுந்து நிற்பதற்குக் காரணம் இதுதான். இடமாற்றத்தின்போது அந்த அறுபட்ட பெயர்களை 'அழகாக்குகிறேன்' என்று மாற்றிவிடாதீர்கள். அசிங்கமாக இருந்தாலும் அதுதான் மக்கள் சேமித்த முகவரி. மாற்றினால் முன்னொட்டு விதி மட்டும் போதாது, ஒவ்வொரு பக்கத்துக்கும் தனி விதி எழுத நேரும்.

அடுத்தது இரட்டைக் குறியேற்றம். வழிமாற்று வேலை செய்கிறது, ஆனால் புதிய பக்கம் 404 ('பக்கம் இல்லை') காட்டுகிறது, முகவரிப் பட்டையில் '%25' என்ற மூன்று இடங்கள் திரும்பத் திரும்பத் தெரிகின்றன என்றால் இதுதான் நோய். சதவீதக் குறியே இன்னொரு முறை குறியேறி '%25' ஆகிவிட்டது. அப்பாச்சியில் மேலே சொன்ன விதியில் இது வராது, ஏனென்றால் பிடித்த பகுதி ஏற்கெனவே குறிநீக்கப்பட்டது. மூல வேண்டுகோள் வரியிலிருந்து முகவரியை வெட்டி எடுத்து எழுதும் விதிகளில்தான் வரும். அங்கே 'மறுபடி குறியேற்றாதே' என்னும் 'என்இ' கொடியைச் சேர்க்க வேண்டும்.

மூன்றாவது, கண்ணால் காணவே முடியாத சிக்கல். 'பொங்கல்' என்று எழுதுகிறோம். அதிலுள்ள ஒகர உயிர்மெய்க் குறியை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். ஒரே குறியாக எழுதலாம், அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டு குறிகளாக எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுதான். முகவரியில் முதலாவது 63 இடங்கள், இரண்டாவது 72 இடங்கள். சர்வருக்கு அவை வெவ்வேறு முகவரிகள். ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான்.

முன்னொட்டை மட்டும் கழற்றும் பொது விதி, வந்த பைட்டுகளை அப்படியே கடத்துவதால் இதில் பிழைத்துக்கொள்ளும். தனிப் பக்கங்களுக்குக் கையால் விதி எழுதும்போதுதான் மாட்டுவோம். விசைப்பலகையில் புதிதாகத் தட்டச்சு செய்யாதீர்கள். பதிவேட்டில் இருக்கும் குறியேற்றிய வடிவத்தை நகலெடுத்து ஒட்டுங்கள். கோப்புகளாலான தளத்தைப் பழைய மேக் கணினியிலிருந்து நகர்த்துபவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எச்எஃப்எஸ்+ கோப்பு முறை கோப்புப் பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமிக்கும்.

## படி 6: தளத்துக்குள் இருக்கும் இணைப்புகளைத் திருத்துங்கள்

வழிமாற்று வெளியிலிருந்து வருபவர்களுக்கானது. உங்கள் சொந்தப் பக்கங்கள் ஒன்றையொன்று சுட்டும்போது பழைய முகவரியைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. பட்டிகள், கட்டுரைகளுக்குள் இருக்கும் இணைப்புகள், படங்களின் முகவரிகள், கனோனிக்கல் குறி (பக்கத்தின் உண்மையான முகவரி எது என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி), சமூக ஊடகப் பகிர்வுக்கான குறிகள், தளவரைபடம் அனைத்தும் புதிய வடிவத்துக்கு மாற வேண்டும். கனோனிக்கல் குறியைப் பலர் கவனிப்பதில்லை. புதிய பக்கம் 'என் உண்மையான முகவரி பழையது' என்று சொல்ல, பழைய முகவரி புதியதைக் காட்ட, தேடுபொறி இரண்டுக்கும் நடுவே குழம்பி நிற்கும்.

வேர்ட்பிரஸ் தரவுத்தளத்தில் நேரடியாக எஸ்க்யூஎல் கட்டளை கொடுத்து மாற்றாதீர்கள். பல அமைப்புகள் எழுத்து நீளத்தோடு சேர்த்துச் சேமிக்கப்பட்டிருக்கும். முன்னொட்டைக் கழித்ததும் நீளம் பொருந்தாமல் அந்த அமைப்பே படிக்க முடியாததாகிவிடும். வேர்ட்பிரஸைக் கட்டளை வரியிலிருந்து இயக்கும் கருவியான டபிள்யூபி-சிஎல்ஐயின் தேடி மாற்றும் கட்டளை அந்த நீளங்களையும் திருத்திக்கொள்ளும். முதலில் காப்பு நகல், பிறகு வெறும் ஒத்திகை, அதன்பின்தான் உண்மையான மாற்றம். அப்போதும் 'ஜியூஐடி' என்ற நிரலை விலக்கிவிடுங்கள். ஓடைப் படிப்பிகள் கட்டுரைகளை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். அது மாறினால் உங்கள் பழைய கட்டுரைகள் வாசகர்களின் பெட்டியில் புதியவை போல வந்து குவியும்.

வேறு மொழிகள் தொடர்ந்தால், ஒரு பக்கத்தின் பிற மொழி வடிவங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுபொறிக்குச் சொல்லும் எச்ரெஃப்லாங் குறிகளை எல்லா மொழிப் பக்கங்களிலும் திருத்த வேண்டும். சிங்களப் பக்கம் சுட்டும் தமிழ் முகவரியும் புதியதாக இருக்க வேண்டும், தமிழ்ப் பக்கம் பதிலுக்கு அதைச் சுட்ட வேண்டும். ஒரு பக்கம் மட்டும் சுட்டினால் கூகுள் அதைக் கணக்கில் எடுக்காது. ஒரே மொழிதான் என்றால் அந்தக் குறிகளை முழுவதுமாக எடுத்துவிடலாம்.

எடுக்கக் கூடாதது ஒன்று உண்டு: எச்டிஎம்எல் தொடக்கத்தில் இருக்கும் மொழி அறிவிப்பு. முகவரியில் இருந்து முன்னொட்டு போய்விட்டது என்பதற்காக அதையும் நீக்கிவிடும் செருகுநிரல்கள் உண்டு, அல்லது அது ஆங்கிலம் என்று மாறிவிடும். பார்வையற்ற வாசகரின் திரைபடிப்பி எந்த மொழிக் குரலில் படிக்க வேண்டும் என்று முடிவெடுப்பது அந்த ஒரு குறியைப் பார்த்துத்தான். மாற்றம் முடிந்ததும் பக்கத்தின் மூலத்தைத் திறந்து, தமிழ் என்று இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

## படி 7: சோதனை

விரிதாளில் இருக்கும் ஒவ்வொரு பழைய முகவரியையும், கட்டளை வரியிலிருந்து முகவரிகளைத் திறந்து பார்க்கும் கர்ல் கட்டளையால், தலைப்புத் தகவலை மட்டும் கேட்டு, வழிமாற்றுகளைப் பின்தொடரச் சொல்லிச் சோதியுங்கள். நூற்றுக்கணக்கில் இருந்தால் ஒரு சிறு நிரல் எழுதிக்கொள்ளலாம். மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும். ஒரே ஒரு வழிமாற்றுதான் நடந்ததா? கடைசியில் 200 ('பக்கம் சரியாகக் கிடைத்தது') வந்ததா? வந்து சேர்ந்த முகவரி விரிதாளின் இரண்டாம் நிரலில் இருப்பதுதானா? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். வேர்ட்பிரஸ் 404 வரும் இடங்களில் பெயரை ஊகித்து ஒத்த பெயருள்ள வேறொரு பக்கத்துக்கு அனுப்பிவிடும். நிலைக்குறி 200 என்று பார்த்துத் திருப்தியடைந்தால், வாசகர் வேறு கட்டுரையில் நிற்பது உங்களுக்குத் தெரியாது.

சங்கிலிகளை அறுங்கள். கூகுளின் ஊர்தி 10 தாவல்கள் வரை பின்தொடரும் என்றாலும், வேகம் குறைந்த கைபேசி இணைப்பில் ஒவ்வொரு தாவலும் வாசகரின் காத்திருப்புதான்.

பிறகு சுழல். சர்வர் முன்னொட்டை நீக்குகிறது. செருகுநிரல் வாசகரின் உலாவி மொழியையோ பழைய குக்கியையோ பார்த்து முன்னொட்டைச் சேர்க்கிறது. இரண்டும் பந்து விளையாட, வாசகருக்கு 'வழிமாற்றுகள் மிக அதிகம்' என்ற செய்திதான் மிஞ்சும். செருகுநிரலின் மொழி அறியும் வசதியை அணைத்துவிட்டு, தனிப்பட்ட சாளரத்திலும், பழைய குக்கிகள் உள்ள வழக்கமான சாளரத்திலும் சோதியுங்கள்.

இதைவிடக் கொடிய சுழல் ஒன்று உண்டு. உங்களுக்குத் தெரியாது, சில வாசகர்களுக்கு மட்டும் தெரியும். தளத்துக்கு முதன்முதலாக முன்னொட்டைச் சேர்த்த காலத்தில், முன்னொட்டில்லா முகவரிகளை முன்னொட்டுள்ளவற்றுக்கு 301 கொடுத்துத் திருப்பியிருப்பீர்கள். அந்த 301 இன்னும் சிலரின் உலாவி நினைவில் இருக்கலாம். இப்போது நீங்கள் எதிர்த்திசையில் திருப்பினால் அவர்கள் நடுவில் மாட்டிக்கொள்வார்கள். உங்கள் உலாவியில் எல்லாம் சரியாகவே தெரியும். பழைய விதி எப்போதாவது இருந்ததா என்று முதலில் தேடுங்கள். இருந்தது என்றால் நான் செய்வது இது: சில வாரங்களுக்கு வழிமாற்றே இல்லாமல் இரண்டு முகவரிகளிலும் பக்கத்தைத் திறக்க விடுகிறேன், இரண்டிலும் கனோனிக்கல் குறி புதிய முகவரியைக் காட்டும். அதன் பிறகு வழிமாற்றைப் போடுகிறேன்.

## படி 8: தேடுபொறிகளுக்குத் தெரியப்படுத்துங்கள், பிறகு கண்காணியுங்கள்

புதிய தளவரைபடத்தைச் சர்ச் கன்சோலில் கொடுங்கள். அங்கே இருக்கும் 'முகவரி மாற்றம்' கருவியைத் தேடி அலைய வேண்டாம். அது தளப் பெயரே மாறும்போது பயன்படுவது, ஒரே தளத்துக்குள் பாதை மாறுவதற்கு அல்ல. எந்தப் பக்கங்களைத் துழாவலாம் என்று தேடுபொறிகளுக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் பழைய முன்னொட்டைத் தடுத்துவிடாதீர்கள். பழைய முகவரியைத் திறந்து பார்க்க முடிந்தால்தான் கூகுளுக்கு வழிமாற்று இருப்பதே தெரியும்.

சில வாரங்களுக்குத் தேடல் வருகை ஏறி இறங்கும். அந்த நேரத்தில் பதறிப்போய் எல்லாவற்றையும் பழையபடி மாற்றுவதுதான் பெரிய கேடு. அதற்குப் பதிலாக ஒரு மாதத்துக்கு நாள்தோறும் பதிவேட்டில் 404களைப் பாருங்கள். முன்னொட்டைப் பெரிய எழுத்தில் எழுதியவை, இறுதியில் அடைப்புக்குறியோ முற்றுப்புள்ளியோ ஒட்டிக்கொண்டவை, யாரோ எப்போதோ தவறாக நகலெடுத்துப் பரப்பியவை எல்லாம் வரும். திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு ஒரு விதி எழுதுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் வெளி இணைப்புகளையும் ஒரு முறை மாற்றிவிடுங்கள்: சமூக ஊடகப் பக்கங்களின் அறிமுகம், யூடியூப் விவரிப்பு, மின்னஞ்சல் கையொப்பம். அடுத்த பதிப்புக்குப் போகும் புத்தகம் இருந்தால் அதன் க்யூஆர் குறியீட்டையும்.

வழிமாற்றை எத்தனை காலம் வைத்திருப்பது? குறைந்தது 1 ஆண்டு என்கிறது கூகுள். அது தேடுபொறிக்கான கணக்கு. தமிழ் விக்கிப்பீடியாவில் மேற்கோளாக நிற்கும் இணைப்புக்கும், ஒருவர் வாட்ஸ்அப்பில் தன் மகளுக்கு அனுப்பிவைத்த இணைப்புக்கும், நூலகத்தில் இருக்கும் புத்தகத்தின் பின்னட்டைக்கும் ஓராண்டுக் கெடு கிடையாது. ஒரு வரி விதிக்குச் சர்வரில் செலவு என்று சொல்ல எதுவும் இல்லை. தளம் இருக்கும் வரை வைத்திருங்கள். அந்த வரிக்கு மேலே எதற்காக, எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்று ஒரு குறிப்பும் எழுதிவையுங்கள். உங்களுக்குப் பிறகு தளத்தைப் பார்த்துக்கொள்ள வருபவர் 'இது எதற்கு இங்கே' என்று அழித்துவிடாமல் இருக்க அந்தக் குறிப்பு வேண்டும்.